டிராகனுக்கு வெள்ளிக்கிழமை சைவம்

அத்தியாயம் பதினொன்று

செனாயிலிருந்து ருமானா சனிக்கிழமை வருவாள், சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு ஃபரீஹாவை ஒரேயடியாகக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்ற இடத்தில்தானே போன வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்? இதோ, அந்தச் சனிக்கிழமை விடிந்துவிட்டது. சும்மா விடியவில்லை. ஃபரீஹாவின் பதினாறாவது பிறந்த நாளையும் கையோடு கூட்டிக்கொண்டு விடிந்திருக்கிறது.

இந்தக் குடும்பத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மலேசியாவின் பத்து பாகாட் ஊரில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் நவ்சாத். அவருடைய முதல் மனைவி, அதாவது ருமானாவின் தங்கை, இறந்து நாலு வருஷமாகிறது. காஹாங்கில் அண்ணன் கடையில் நின்றுகொண்டிருந்த சபீதாவை நவ்சாத் நிக்காஹ் செய்து கூட்டி வந்து இரண்டு வருஷம்.

மகள் ஃபரீஹா சபீதாவோடு சண்டை போட்டதே இல்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. 'ம்', 'இல்ல', 'வேணாம்'. இந்த மூன்றே வார்த்தையில் இரண்டு வருஷத்தையும் ஓட்டிவிட்டாள், கெட்டிக்காரி. "எங்கூட வந்து இருந்து படிம்மா" என்று பெரியம்மா கூப்பிட்டபோது மட்டும் "சரி" என்றாள்.

"பிள்ளை இஷ்டம்" என்று நவ்சாத் ஒதுங்கிக்கொண்டார். சபீதா அதையும் சொல்லவில்லை. பெற்றவளின் அக்கா கூப்பிடுகிறாள், குறுக்கே நிற்க நான் யார் என்று வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாய்க்குள் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவுமில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்து அவள் அடுப்படியை விட்டு நகரவில்லை. பிறந்த நாளுக்கென்று ஆட்டுக்கறி பிரியாணி தனியாகத் தம் போட்டாள். போகிற பிள்ளைக்கு வேறு என்னதான் செய்ய முடியும்?

லுஹர் தொழுகை முடிந்து, மத்தியானக் கூட்டமும் ஓய்கிற நேரத்தில் அவள் கைப்பேசி அடித்தது. கொழுந்தன் ஆகில்.

"அண்ணி, அலமாக், அய்யோ, பெரிய தலைவலி. ஆயர் ஹித்தாம்ல கார் நின்னுருச்சி. இழுவை வண்டிக்குச் சொல்லியிருக்கேன், எப்ப வருமோ தெரியல. பிள்ளைங்க வந்துட்டாங்களா?"

வந்துவிட்டார்கள். வாராவாரம் சனிக்கிழமை மாடி அறையில் ஃபரீஹா, அவள் பள்ளித் தோழிகள் லோஷினி, ஷின் யீ மூவரும் கூடுவார்கள். ஆகில் கதை சொல்லி விளையாட்டு நடத்துவான். காயும் கிடையாது, பலகையும் கிடையாது. கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். லோஷினி வாள் வீராங்கனை, ஷின் யீ வில்லாளி, ஃபரீஹா மருந்துப் பெட்டியோடு திரியும் வைத்தியச்சி. அங்கே என்ன நடக்கிறது என்று ஆகில் சொல்வான், தாங்கள் என்ன செய்கிறோம் என்று இவர்கள் சொல்வார்கள். நடுவில் ஒரே ஒரு பகடை உருளும்.

பகடை என்றதும் ஆரம்பத்தில் நவ்சாத் குதித்தார். "நான் தொழுகையாளி. என் கடையில சூதாட்டம்னு ஊரு பேசணுமா?" பணமும் கிடையாது, பந்தயமும் கிடையாது, வெறும் கதைதான் என்று ஆகில் கெஞ்சிக் கூத்தாடினான். கடைசியில், "மாடியோட சரி. கீழ என் கண்ணுல படக்கூடாது" என்று அரை மனதோடு விட்டார். இந்த அனுமதிக்காகச் சபீதாவும் கொழுந்தனுக்குப் பரிந்து பேசினாள். அது ஃபரீஹாவுக்குத் தெரியாது.

"இன்னிக்குத்தான் அவளுக்கு இங்க கடைசி ஆட்டம், அண்ணி" என்றான் ஆகில். குரல் இறங்கியிருந்தது. "நீங்க நடத்துங்களேன்."

"நானா? உங்களுக்கு மூளை கீளை குழம்பிப்போச்சா, தம்பி? எனக்கு என்னா தெரியும்? நீங்க எழுதி வெச்ச நோட்டாவது எங்க இருக்கு?"

"நோட்டெல்லாம் கிடையாது. நானே ஒண்ணும் தயார் பண்றதில்ல. வேலை முடிஞ்சி வர்றதுக்கே நேரம் பத்தல. தெரியாத இடத்துல ஒரு கேள்வி கேட்பேன், டைஸ உருட்டுவேன், அது சொல்றத வெச்சி ஓட்டிடுவேன். கதவு பூட்டியிருக்கா? உருட்டு. காவலாளி தூங்கறானா? உருட்டு. அவ்ளோதான் லா!"

"அது எப்படிப்பா பதில் சொல்லும்?"

"ஆறு விழுந்தா, ஆமா, அதுக்கு மேலயும் ஒண்ணு. அஞ்சுன்னா வெறும் ஆமா. நாலு, ஆமா ஆனா. மூணு, இல்ல ஆனா. ரெண்டு, வெறும் இல்ல. ஒண்ணுன்னா இல்ல, அதோட இன்னும் மோசம்."

சபீதா ஆர்டர் எழுதும் துண்டுத்தாளின் பின்பக்கத்தில் அதைக் கிறுக்கிக்கொண்டாள். கை ஈரத்தில் பாதி அழிந்துபோனது.

மாடிக்குப் போனபோது மூன்று பெண்களும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆகில் அவர்களுக்கும் செய்தி அனுப்பிவிட்டான். சுவரோரம் ஃபரீஹாவின் துணிப்பை ஜிப் போட்டுத் தயாராக இருந்தது. சபீதா அந்தப் பக்கம் பார்க்காமலே மேசைக்கு வந்தாள்.

"தம்பி என்னைய நடத்தச் சொன்னாரு. எனக்குத் தெரியாது. தப்பாத்தான் நடத்துவேன். பரவாயில்லன்னா..."

"போலே, ஆன்ட்டி, போலே!" முடியும் என்று மலாயில் சொல்லி ஷின் யீ கையைத் தட்டினாள். லோஷினி நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஃபரீஹா தோளைக் குலுக்கினாள். வேணாம் என்று சொல்லவில்லையே, அதுவே பெரிது.

ஷின் யீக்கும் புரியட்டும் என்று பாதி மலாயிலும் பாதி தமிழிலுமாக ஆரம்பித்தாள் சபீதா. போன வாரம் மூவரும் மலைப் பாதையில் கொட்டுகிற மழையில் ஒரு கோட்டைக் கதவுக்கு வெளியே நின்றார்களாம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஆகிலுக்கே தெரியாதாம்.

"மழை நிக்குமா, ஆன்ட்டி?" என்று கேட்டாள் லோஷினி.

சபீதா பகடையை உருட்டினாள். ஒன்று. தாளைப் பார்த்தாள். இல்லை, அதோடு இன்னும் மோசம். பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "மழை நிக்கல. இடி விழுந்துச்சி. உன் குதிரை செத்துப்போச்சி."

"ஆன்ட்டி! மூணு வாரமா பேரு வெச்சி வளர்த்த குதிரை!"

முதல் வாயிலேயே பிள்ளையின் குதிரையைக் கொன்றாயிற்று! "இரு இரு, சரியாப் பார்க்கல. மயக்கமாக்கூட இருக்கலாம். குதிரைக்கு உயிர் இருக்கா?" மறுபடி உருட்டினாள். ஆறு. ஆமா, அதுக்கு மேலயும். "உயிர் இருக்கு! அது மட்டுமில்ல, குட்டி போட்டிருக்கு!"

லோஷினி மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். ஷின் யீ, குட்டிக்கு என்ன பேர் என்று அப்போதே சண்டைக்கு வந்துவிட்டாள். ஃபரீஹா சிரிக்கவில்லை. ஆனால் தன் மருந்துப் பெட்டியைத் திறந்து குட்டியைத் துடைக்கத் துணி இருக்கிறதா என்று கேட்டாள். துணி இருந்தது. அதற்குச் சபீதா உருட்டவே இல்லை. பிரசவம் பார்க்கப் போகிற வைத்தியச்சியிடம் துணி இல்லாமலா போகும்?

"கதவு பூட்டியிருக்கா?" என்றாள் ஷின் யீ.

நாலு விழுந்தது. ஆமா, ஆனா.

அந்த 'ஆனா'வில் சபீதா ஒரு கணம் நின்றாள். நின்றதும் பிடிபட்டுவிட்டது. அட, இது நான் நாள் முழுக்கச் செய்கிற வேலைதானே! கடை முன்னால் நிற்கிறவர் மீன் தலை இருக்கா என்பார். தீர்ந்து போயிருக்கும். இல்லை என்று சொல்லி எந்தக் கடைக்காரியாவது ஆளை அனுப்புவாளா? இல்லங்க, ஆனா கணவாய்க் கறி இப்பத்தான் இறக்கினது, ஒரு கரண்டி ஊத்தட்டுமா என்பாள். தாப்பாவ் என்று பார்சல் கட்ட வந்தவனும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவான்.

"பூட்டியிருக்கு" என்றாள் நிதானமாக. "ஆனா சந்து வழியா தாளிக்கிற வாசனை வருது."

"உள்ள ஆள் இருக்காங்க!" என்றாள் ஃபரீஹா. உடம்பை முன்னால் சாய்த்து உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் கதை பிய்த்துக்கொண்டு ஓடியது. கதவுக்குப் பின்னால் ஒரு சத்திரம். சத்திரத்து வாசலில் ஒரு டிராகன். லோஷினி வாளை உருவினாள். "இது எங்களச் சாப்பிடப் போவுதா?" மூன்று விழுந்தது. இல்லை, ஆனா. சபீதா யோசிக்கவே இல்லை. "சாப்பிடாது. ஆனா நாளைக்குச் சாப்பிடும். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, அது சைவம்."

"அய்யோ ஆன்ட்டி, எங்கம்மா மாதிரியே!" லோஷினிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சைவம் என்றால் என்ன என்று ஷின் யீக்கு அவள் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, டிராகன் எத்தனை பேர் என்று கேட்டது. கடையில் கேட்டுப் பழகிய வாய், என்ன செய்வது? "மூணு பேர், ஒரு குதிரை, ஒரு குட்டி" என்றாள் ஃபரீஹா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துச் சபீதா பக்கத்தில் இருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள். கெட்டுப்போன காருக்காக இறைவனுக்கு நன்றி சொன்னவள் ஜொகூரிலேயே அன்று அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

படியில் தடதடவென்று சத்தம். நவ்சாத் தோளில் துண்டோடு வந்து நின்றார். "சபீ, கீழ ஆள் பத்தல, நீ இங்க என்னா..." என்று ஆரம்பித்தவர், மனைவியின் கையில் பகடையைப் பார்த்ததும் வாயைத் திறந்தபடியே நின்றார்.

"அங்கிள், நீங்கதான் காவலாளி" என்றாள் ஷின் யீ மலாயில். "எங்கள உள்ள விடுவீங்களா?"

"எத்தன பேரா இருந்தாலும் சரி, உள்ள இடமில்ல" என்றார் நவ்சாத், கடுப்பாக.

மூன்று பெண்களும் சேர்ந்து கூவினார்கள். "காவலாளி மோசம்! காவலாளி மோசம்!" நவ்சாத்துக்கு ஒன்றும் புரியவில்லை. சபீதாவைப் பார்த்தார். கூவுகிற கூட்டத்தில் தன் மகளின் குரலும் இருப்பதைக் கேட்டார். துண்டை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "கீழ நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நல்ல மனுஷன், வாய்தான் முந்தும்.

சத்திரத்துக்கு உள்ளே ஒரு சமையல்காரம்மா இருந்தாள். யார் கேட்டும் வந்தவளில்லை, கதைக்குத் தேவைப்பட்டாள், வந்தாள். மூவருக்கும் சோறு போட்டாள், குட்டிக்குப் பால் காய்ச்சினாள். பொழுது விடிந்ததும் மலைக்கு அந்தப் பக்கம் போகவேண்டும் என்று லோஷினி திட்டம் போட்டாள். பாதை நல்லா இருக்குமா, பாலம் நிற்குமா என்று கேள்விகள் வந்தன, பகடை உருண்டது. பாலம் நின்றது, ஆனால் ஒருவர் ஒருவராகத்தான் போக முடியும்.

"நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள் ஃபரீஹா.

"கேளும்மா."

அவள் மேசையைப் பார்த்தபடி கேட்டாள். "நான் போயிட்டா அந்தச் சமையல்காரம்மாவுக்கு என்னா? ஏதாச்சும் இருக்குமா? இல்ல, ஒரு தட்டு குறைஞ்சிச்சுன்னு இருப்பாங்களா?"

நாங்க போயிட்டா என்று அவள் கேட்கவில்லை. நான் போயிட்டா என்றுதான் கேட்டாள்.

லோஷினி பகடையை எடுத்துச் சபீதாவின் உள்ளங்கையில் வைத்தாள். "உருட்டுங்க, ஆன்ட்டி."

சபீதா விரலை மடக்கிக்கொண்டாள். ஆறு பக்கத்தில் எது விழுந்தாலும் அதைப் பிள்ளைக்குச் சொல்லியாகவேண்டும். இரண்டு விழுந்தால்? விளையாட்டுக்குக்கூட அந்த 'இல்லை'யைச் சொல்ல அவள் நாக்கு எழும்பாது. அவள் பகடையை மேசையில் வைத்து, கையால் மூடிக்கொண்டாள்.

"இதுக்கு உருட்ட மாட்டேன்."

"ஏன்?" என்றாள் ஃபரீஹா.

"தெரியாததுக்குத்தான் இது. இது எனக்குத் தெரியும்."

"என்னா தெரியும்?"

"அந்தம்மாவுக்குத் தாங்காது." பகடையை மூடிய கையை எடுக்காமலே சொன்னாள். "பெத்தவ இல்ல, அதனால போகாதேன்னு சொல்ல உரிமை இல்லன்னு நினைச்சிக்கிட்டு இருந்திச்சி. சொல்லத் தெரியல, சோத்தப் போட்டுக்கிட்டே இருந்திச்சி. நீ போனா அவங்களுக்கு அந்த வீட்டுல கை வேல செய்யும், மனசு இருக்காது. போகாதம்மா. உனக்குப் போகணும்னா போ, தடுக்க மாட்டேன். ஆனா யாரும் போகாதேன்னு சொல்லலன்னு மட்டும் நினைச்சிக்கிட்டுப் போகாத. நான் சொல்றேன்."

'அந்தம்மா' எந்த இடத்தில் 'நான்' ஆனாள் என்று அவளுக்கே தெரியாது. லோஷினிக்குத் தெரிந்தது. அவள் ஷின் யீயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஃபரீஹா தலையைத் தூக்கவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தை நகத்தால் நிமிண்டிக்கொண்டே இருந்தாள்.

கீழே கார் ஹாரன் அடித்தது. ருமானா வந்துவிட்டாள்.

ருமானாவைக் கெட்டவள் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். தங்கையைப் பறிகொடுத்தவள். தங்கையின் முகம் அப்படியே ஃபரீஹாவுக்கு. அந்த முகத்தைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்கிற ஆசை தப்பா? பிறந்த நாள் கேக்கும் பலூனும் பின் சீட்டில் இருக்க, சிரித்த முகத்தோடு கடைக்குள் நுழைந்தாள்.

"பேக் எங்க? நவ்சாத், பிள்ளை பேக்க எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

ஃபரீஹா படியில் இறங்கி வந்தாள். வெறுங்கையோடு. பின்னால் சபீதா. கண் சிவந்திருப்பதை மறைக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

"பெரியம்மா, இன்னிக்கு வரல" என்றாள் ஃபரீஹா. "கதை முடியல."

"என்னா கதை?"

"பாலத்துல நிக்கிறோம். இன்னும் தாண்டல."

ருமானாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. அவள் சபீதா பக்கம் திரும்பினாள். "நீ ஏதாச்சும் சொன்னியா பிள்ளைகிட்ட?"

அக்கா முறைக்காரியிடம், ஒன்றுமில்லை ராத்தா, பிள்ளைங்க விளையாட்டு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இரண்டு வருஷமாக அப்படித்தான் எல்லாவற்றையும் மழுப்பினாள்.

"சொன்னேன், ராத்தா" என்றாள் சபீதா. "போகாதேன்னு சொன்னேன். உங்ககிட்டயும் சொல்லணும். உங்க தங்கச்சி பிள்ளைதான். எனக்கும் பிள்ளை."

கல்லாவில் நவ்சாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

ருமானா ஒரு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். "ரூமுக்கு பெயிண்ட் அடிச்சிட்டேன், சபீதா. அவளுக்குப் பிடிச்ச பச்ச. இத நீ மின்னாலயே சொல்லியிருக்கக் கூடாதா? ஒருத்தரும் வேணும்னு சொல்லாத வீட்டுலதான் என் தங்கச்சி மவ இருக்கான்னு நினைச்சித்தானே நான் கூப்பிட்டேன்?"

சபீதாவுக்குச் சுருக்கென்றது. கோபம் வரவில்லை. இந்தப் பொம்பளையும் பிள்ளைக்காகத்தான் வந்திருக்கிறாள் என்கிற நன்றிதான் வந்தது. பிள்ளைக்குப் பிடித்த நிறத்தை அவள் தெரிந்து வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியுமா? தெரியாது. கேட்டது கிடையாது.

"தப்புத்தான், ராத்தா. மன்னிச்சிருங்க."

ருமானா எழுந்து காருக்குப் போய்க் கேக்கை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். ஃபரீஹாவை இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

"அடுத்த சனிக்கிழமை வருவேன். அந்தக் கதைய நானும் மேல உக்காந்து கேக்கறேன். பாலத்தத் தாண்டறியா, திரும்பறியான்னு அன்னிக்கு நீயே சொல்லு. உங்கத்தா நவ்சாத்தும் சொல்லக் கூடாது, இவளும் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். ரூமு அப்படியேதான் இருக்கும்." அதைச் சொல்லும்போது அவள் சபீதாவை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் விட்டுக்கொடுத்ததும் இருந்தது, விடமாட்டேன் என்பதும் இருந்தது.

கேக் வெட்டினார்கள். நவ்சாத் எல்லாருக்கும் நுரை பொங்கத் தே தாரிக் டீ ஆற்றினார். தோழிகளை வீட்டிலிருந்து வந்து அழைத்துப் போனார்கள். ருமானாவின் கார் திருப்பத்தில் மறைந்தது.

சபீதா அடுப்படிக்குத் திரும்பினாள். ஒரு வாரம்தான் கிடைத்திருக்கிறது, அதற்கு மேல் எதுவும் உறுதியில்லை. தம் போட்ட சட்டி அடுப்பின் ஓரத்தில் மூடியபடியே இருந்தது. கலவரத்தில் பிறந்த நாள் பிரியாணியை யாருக்குமே பரிமாறவில்லை.

பின்னால் காலடிச் சத்தம். ஃபரீஹா நிலைப்படியில் நின்றாள்.

அந்தப் பிள்ளை வைத்ததைச் சாப்பிடும், தட்டைக் கழுவி வைக்கும், போய்விடும். ஊருக்கே சோறு போடுகிற சபீதாவிடம் வாய் திறந்து ஒரு நாளும் எதையும் கேட்டதில்லை.

"பசிக்குது" என்றாள் ஃபரீஹா.

சபீதா சட்டியின் மூடியைத் திறந்தாள். எழுந்த ஆவியில் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. ஆவியா, கண்ணீரா, யார் கண்டது? "வா, வந்து உக்காரு" என்றாள்.

"நீங்களும் உக்காருங்க" என்றாள் ஃபரீஹா, இன்னொரு தட்டை எடுத்து வைத்து.